ஜீப்பு நிறைய ரகசியம்

ரகசியம் என்ற ஒன்றை ஏற்காட்டில் உயிரோடு விட்டுவைக்காதவர் எங்கள் ஸ்பேனர் பாய். பம்ப்செட், மெஷின் எல்லாம் ரிப்பேர் செய்யும் கடை வைத்திருக்கிறார். உங்கள் மோட்டாரில் என்ன கோளாறு என்பது உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கே தெரிந்துவிடும்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நான் போய் மாட்டிக்கொண்டேன். சேலத்தில் காப்பிப் பழத்துக்குத் தோல் உரிக்கும் மெஷின் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை. வெளியாட்களிடமிருந்து புது யோசனைகளைச் சேகரிப்பது என்று ஒரு திட்டம் போட்டு, அதை என் தலையில் கட்டினார்கள். ஆறு மாதத்துக்குள் காப்புரிமை வாங்கத் தகுந்த ஒரு யோசனையாவது வராவிட்டால் திட்டத்துக்கு மூடுவிழா. என் வேலைக்கும்தான்.

ஐந்து மாதத்தில் வந்ததெல்லாம் ‘மெஷினுக்குப் பச்சை பெயின்ட் அடிக்கலாம்’ ரகம். மெஷினின் வியாதியோ வேறு. சின்னப் பழத்துக்குத் தோதாக, பழத்தை அழுத்தித் தோலுரிக்கும் தகட்டை நெருக்கி வைத்தால் பெரிய பழத்தின் கொட்டை வெட்டுப்படும். சிறு விவசாயிகள் பாவம், எல்லாப் பழமும் கலந்துதான் வைத்திருப்பார்கள்.

கடைசி நம்பிக்கையாகப் பாயிடம் இதைச் சொல்லி, ஒரு படிவத்தையும் கொடுத்தேன். “பாய், வெளியே தெரிஞ்சா காப்புரிமை கிடைக்காது. விஷயம் தெரிஞ்சவங்க எல்லாரும் ரகசியம் காப்போம்னு இதுல கையெழுத்துப் போட்டிருக்கணும்.”

“நம்புங்க அம்மணி. உசிரு போனாலும் வாயத் தொறக்க மாட்டேனுங்க.”

இரண்டு வாரம் கழித்துக் கடைக்கு வரச்சொன்னார். ரிப்பேருக்கு வந்திருந்த எங்கள் மெஷின் ஒன்றில், தகட்டுக்குப் பின்னால் பழைய ஸ்கூட்டர் சீட்டு ஸ்பிரிங் உட்கார்ந்திருந்தது. பெரிய பழம் வந்தால் தகடு தானாக விலகிக்கொடுத்தது. ஒரு கூடைப் பழத்தை ஓட்டிக் காட்டினார். ஒரு கொட்டைகூட வெட்டுப்படவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

“பாய், நீங்களே யோசிச்சதா?”

“நானெங்கீங்க? நான் சைக்கிள் டியூப்புதான் வெச்சேன். மஞ்சக்குட்டை ஊருக்கு ஷேர் ஜீப்புல போறப்ப சொன்னனுங்களா, ‘ஈரத்துல வழுக்கிரும் பாய், ஸ்பிரிங்கு வெய்யுங்க’ன்னுச்சு காப்பித் தோட்டத்துப் பொன்னி அக்கா. ஒண்ணு பத்தாது, ரெண்டு மூலைக்கும் வேணும்னாரு டிரைவரு.”

“ஜீப்புல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?”

“ஏனுங்க, ஒருத்தருக்குச் சொல்லி ஒருத்தருக்குச் சொல்லாம உட்டா நல்லாருக்குமுங்களா?”

வேலை போயிற்று என்று தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். பாய் சாவகாசமாக ஒரு காகிதக் கட்டை நீட்டினார். என் படிவத்தை ஜெராக்ஸ் எடுத்து, ஜீப்பிலிருந்த அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கியிருந்தார்.

“கையெழுத்து வாங்கினப்பறந்தானுங்க வாயே தொறந்தேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்க உடல. ஒருத்தரு மட்டும் போடமாட்டேன்னாரு. எறக்கி உட்டுட்டமுங்க.”

கம்பெனி வக்கீல் அந்தக் கட்டைப் புரட்டிப் புரட்டி ஓட்டை தேடினார். கிடைக்கவில்லை. அதைவிட அதிசயம், அந்த ஜீப்பில் போன ஒருவர்கூட வெளியே மூச்சு விடவில்லை. பாய் உட்பட. என் வேலை தப்பியது.

விண்ணப்பத்தில் கண்டுபிடித்தவர் பெயர் கேட்டார்கள். பாய் பொன்னி அக்காவை எழுதினார், டிரைவரை எழுதினார், கடைசியில் என்னையும் எழுதினார்.

“நான் என்ன பாய் கண்டுபிடிச்சேன்?”

“இந்த மெசினு வந்த நாளா நாங்க இதோட மாரடிக்கறமுங்க அம்மணி. கம்பெனில இருந்து மலையேறி வந்து, உங்களுக்கு என்ன தோணுதுன்னு எங்களக் கேட்ட மொத ஆளு நீங்கதானுங்க.”

கேட்டதெல்லாம் கண்டுபிடிப்பு ஆகாது என்று வக்கீல் என் பெயரை அடித்துவிட்டார். பாய்க்கு மனசே ஆறவில்லை. இன்றைக்கும் நான் கடைக்குப் போனால், “இவங்களுந்தானுங்க கண்டுபுடிச்சாங்க” என்று வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் சொல்கிறார். முன்பெல்லாம் மறுத்துக்கொண்டிருந்தேன். இப்போது மறுப்பதில்லை. அவர் வாயால் அதைக் கேட்க எனக்கு அவ்வளவு ஆசையாக இருக்கிறது.