கத்துக்கொடுத்தவர் வெளியே போகவும்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பல் துலக்கிக்கொண்டே, உலகத்தைத் திருத்திவிடுவது என்று முடிவு செய்தார். முழு உலகமும் இல்லை. பள்ளிப் பிள்ளைகள் கால்பந்து ஆடுகிற மைதானம் வரைக்கும்.

வாரமெல்லாம் அடுத்தவர் கண்ணைச் சோதிக்கிறவர், ஞாயிறானால் விசிலும் கையுமாக நடுவராகிவிடுவார். தப்பாக ஒரு விசில் ஊதினால் போதும், "உங்க கடைச் சரக்குல ஒண்ணை நீங்களே மாட்டிக்குங்க சார்" என்று ஓரத்திலிருந்து குரல் வரும். அதைப் பொறுத்துக்கொள்வார். பிள்ளைகள் வாயிலிருந்து 'சனியன்', 'கருமம்' என்று ஒன்று விழுந்தால் மட்டும் பொறுக்கமாட்டார். போன வாரம் சிவப்பு அட்டை காட்டிக் காட்டி அவர் வெளியே அனுப்பியதில், ஒரு பக்கம் பிள்ளைகளைவிடக் கோல் கம்பங்கள்தான் அதிகம் நின்றன. பெற்றவர்கள் கொதித்துப்போனார்கள். விளையாட்டுச் சங்கச் செயலாளர் கூப்பிட்டு, "இந்த வாரமும் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினீங்கன்னா, இறுதிப் போட்டிக்கு வேற நடுவரைப் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டார்.

இறுதிப் போட்டி என்றால் நம் கடைக்காரருக்கு உயிர்.

"அனுப்பவும் கூடாது, விடவும் மனசு வரலை. நான் என்னதான் பண்றது?" என்று மனைவியிடம் வந்து நின்றார். அவள் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். ஆட்டத்தில் கோட்டோரம் கொடி பிடிக்கிற துணை நடுவரும் அவள்தான்.

"கிட்டப் போய், 'கேட்டுச்சு, பாத்துப் பேசு'ன்னு காதோட சொல்லிட்டு ஆட்டத்தை நடத்துங்க. கோல் விட்ட ஆத்திரத்துல ஒரு வார்த்தை. யாரையாவது பாத்தா பிள்ளை திட்டுச்சு?"

"அப்படி விட்டா நாளைக்கு வாய்க்கு வந்ததெல்லாம் பேசும்."

"நாள் முழுக்க ஜனங்களை வாயைத் திறக்க வைக்க நான் படாத பாடு படறேன். நீங்க மூட வைக்கக் கிளம்பிட்டீங்க."

"சிரிக்காத. கட்டுப்பாடுன்னு ஒண்ணு வேணும்."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க" என்றாள் அவள், தேநீரை ஆற்றிக்கொண்டே. "பிள்ளை தானாவா பேசுது? யாரோ பேசி, அது கேக்குது. சொன்ன பிள்ளை ஆடட்டும். கத்துக்கொடுத்தவங்க வேலிக்கு வெளியே, அந்தக் குப்பைத்தொட்டி ஓரமா நிக்கட்டும், ஆட்டம் முடியற வரைக்கும்."

"அப்பா அம்மாவா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும்."

"யாரா இருந்தாலும்" என்று அவரும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வாய்க்கு ருசியாக இருந்தது.

"மைதானத்துல அதைச் சத்தமா சொல்லிடுங்க. ஆளுக்கொரு நியாயம்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது பாருங்க."

சத்தமாகத்தான் சொன்னார். பக்கத்துத் தெரு நாய்கூடக் கேட்டிருக்கும். செயலாளர் குடைக்கடியில் உட்கார்ந்து தலையை ஆட்டினார்.

ஆட்டம் சூடுபிடித்தது. ஒரு பையன் அடித்த பந்து கம்பத்துக்கு மேலே பறந்தது. "கருமம்" என்றான்.

விசில். "எங்கடா கத்துக்கிட்ட?"

"எங்கப்பா கார் ஓட்டறப்ப, சார்."

அவன் அப்பா வங்கி மேலாளர். கழுத்துப்பட்டையைச் சரிசெய்தபடி குப்பைத்தொட்டிக்கு நடந்தார். அடுத்து ஒரு சிறுமி. "எங்க மாமா ஆணி அடிக்கறப்ப." மாமாவும் நடந்தார். கடைக்காரருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நாட்டுக்கே சட்டம் எழுதத் தன்னைக் கூப்பிடாதது யாருக்கு நஷ்டம் என்று யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து, கோல் காத்துக்கொண்டிருந்த அவர் மகளின் காலிடுக்கில் பந்து புகுந்து உள்ளே போனது.

"சே, சனியன்."

விசில் ஊதினார். அவர் கண் நேராகக் கொடிப்பக்கம் போனது. மனைவி தன் அக்காவோடு போனில் பேசுகிற பேச்சு அவருக்குத் தெரியாதா என்ன. கல்யாணம் ஆன நாளிலிருந்து ஒரு வாதத்திலும் ஜெயித்ததில்லை. இன்றைக்கு ஊர் பார்க்க ஜெயிக்கப்போகிறார்.

"பயப்படாம சொல்லும்மா. உங்கம்மாவா இருந்தாலும் விடமாட்டேன்."

"அம்மா இல்லப்பா."

"பின்ன யாரு?"

"நீங்கதான். டிவில மேட்ச் பாக்கறப்ப அந்த நடுவரைப் பாத்துத் திட்டுவீங்கல்ல, 'சனியன் பிடிச்சவனே, கண்ணு தெரியலையா'ன்னு."

மைதானம் குலுங்கியது. குப்பைத்தொட்டிப் பக்கம்தான் சிரிப்பு அதிகம். மனைவி அதற்குள் கொடியை ஒரு பெண்மணி கையில் கொடுத்துவிட்டு, நடுவே வந்து உள்ளங்கையை நீட்டி நின்றாள்.

"நீ வேணும்னேதான்..."

"விசிலைக் குடுங்க. பிள்ளைங்க காத்திட்டிருக்கு."

வங்கி மேலாளர் நகர்ந்து இடம் கொடுத்தார். "வாங்க சார். இந்தப் பக்கம் நாத்தம் கொஞ்சம் கம்மி."

கடைக்காரர் அங்கிருந்து பார்த்தார். ஒருத்தன் வழுக்கி விழுந்து, "கருமம்" என்றான். அவள் விசிலைத் தொடவில்லை. பக்கத்தில் ஓடி, "கேட்டுச்சுடா, பாத்துப் பேசு. எழுந்திரு, ஆடு" என்றாள். பையன் காது சிவக்க எழுந்து ஓடினான். அதற்கப்புறம் ஒரு வாயிலிருந்தும் ஒன்றும் விழவில்லை.

ஆட்டம் முடிந்ததும் செயலாளர் குடையை மடக்கிக்கொண்டு நேராகக் குப்பைத்தொட்டிக்கே வந்தார். கடைக்காரர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"இறுதிப் போட்டி விஷயமா உங்களைத்தான் பாக்க வந்தேன்."

"சொல்லுங்க சார், நான் தயார்."

"கொடி பிடிக்க ஒரு ஆள் குறையுது. உங்களுக்கு வருமா?"