அட்சரேகை மாமா

மனிதர்களில் ஒரு வகை உண்டு, ஐயா. படம் எடுப்பார்கள், நாமும்தான் எடுக்கிறோம். ஆனால் அந்தப் படம் பூமியில் எந்தப் புள்ளியில் எடுத்தது என்று அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் ஆறு தசமம் வரை அதற்குள் பதித்தால்தான் இவர்களுக்குச் சோறு இறங்கும். ஆறாவது தசமம் என்றால் ஒரு சாணுக்கும் குறைவு. உங்கள் குழந்தை முதன்முதலாகத் தவழ்ந்த படத்தைக் காட்டிப் பாருங்களேன். "அடடா, என்ன அழகு!" என்பார்களா? மாட்டார்கள். "ஹால்லயா, உள் ரூம்லயா?" என்பார்கள்.

நம்முடைய ஆள் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். வாரத்தில் ஆறு நாள் ஊரார் கண்ணுக்குக் கால் பவர் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் கம்ப்யூட்டர் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவார். இடது பக்கம் பழைய படங்கள். வலது பக்கம் வானத்திலிருந்து பார்த்தால் தெரிகிற வரைபடம். ஒரு படத்தை மவுசால் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஓர் இடத்தில் விடுவார், முறைத்துப் பார்ப்பார், ஒரு முழம் கிழக்கே நகர்த்துவார், மறுபடி முறைப்பார், நாக்கைச் சப்புக் கொட்டி அரை முழம் மேற்கே தள்ளுவார். தம்முடைய கல்யாணப் படத்துக்காக, பதினெட்டு வருஷம் கழித்து அதே மண்டபத்துக்கு அளவு டேப்புடன் போய் வாட்ச்மேனிடம் திட்டு வாங்கிவந்த மனிதர். பெண்ணும் மாப்பிள்ளையும் நின்றது தூணிலிருந்து பதினோராவது அடியாம். பெண் எப்படி இருந்தாள்? அது யாருக்கு வேண்டும்!

மனைவியின் அண்ணன் பிள்ளைகள் இவருக்கு 'அட்சரேகை மாமா' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கேலிதான். இவருக்கோ உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமை சும்மா இருக்கவிடவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், மூவாயிரத்துச் சொச்சம் படங்களையும் ஒரே வரைபடத்தில் ஏற்றி, அதன் லிங்க்கைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ஒருவரும் சீந்தவில்லை, மனைவியின் அண்ணனைத் தவிர. அவர் லாரி ஓட்டுகிறவர். ரோடு என்றால் உயிர். பத்து மணிக்கே போன் வந்தது.

"மாப்ளே, பிரமாதம்! எங்கெங்க போயிருக்கீங்கன்னு ஒவ்வொண்ணா பாத்துக்கிட்டு வர்றேன். இன்னிக்கு முடிச்சுடுவேன். இப்ப முந்தின வருஷத்துல இருக்கேன், அடுத்தது போன வருஷம்."

இவர் பூரித்துப்போய் விஷயத்தைச் சொல்ல, சமையலறையிலிருந்து மனைவி கரண்டியும் கையுமாக ஓடிவந்தாள்.

"என்னங்க, அந்தக் கலங்கரை விளக்கத்துப் படமும் அதுல இருக்கா?"

"எதையும் விடல."

"அடப்பாவி மனுஷா!"

அவள் பதறியதில் நியாயம் இருக்கிறது. போன வருஷம் அண்ணன் புது வீட்டுக்குக் குடிபோன அன்று இவர்கள் போகவில்லை. "அவருக்கு நூத்திரண்டு டிகிரி காய்ச்சல்ண்ணா, கண்ணே திறக்கல" என்று இவள்தான் போனில் சொன்னாள். காய்ச்சலாவது, கத்தரிக்காயாவது! ஐயாவுக்கு ஒரு பழைய படம் எங்கே நின்று எடுத்தது என்று சரிபார்க்க வேண்டியிருந்தது. அவளையும் இழுத்துக்கொண்டு நூற்று நாற்பது கிலோமீட்டர் தாண்டிக் கடற்கரைக்குப் போய், இருவருமாகப் பல்லெல்லாம் தெரிய ஒரு படமும் எடுத்துக்கொண்டு வந்தார்.

"அப்பா அம்மா போனப்புறம் எனக்குன்னு இருக்கறது அந்த ஒரு அண்ணன்தாங்க. உங்களுக்காகத்தான் அவருகிட்ட பொய் சொன்னேன். தெரிஞ்சா இனிமே என் மூஞ்சியில முழிப்பாரா? அழிச்சுடுங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

இவருக்கும் மனசு கேட்கவில்லை. நல்ல மனிதர்தான். ஆனால் அழிப்பதா? வரிசை எண்ணில் ஓட்டை விழுமே! வேண்டுமானால் நகர்த்தலாம் என்றார். ஒரு சாண் தள்ளிப்போனாலே தூக்கம் பிடிக்காதவர், நூற்று நாற்பது கிலோமீட்டர் நகர்த்தச் சம்மதித்தாரே, அதுவே பெரிய தியாகம். புள்ளியைப் பிடித்து இழுத்துவந்தார், தம் வீட்டின்மேல் போட்டார். அத்தோடு விட்டாரா? காய்ச்சல்காரன் ஹாலில் எதற்கு இருக்கிறான் என்று படுக்கையறைக்கு நகர்த்தினார். கட்டிலில் தாம் படுப்பது ஜன்னல் பக்கம் என்பதால் இன்னும் இரண்டடி நகர்த்தினார். இரண்டாவது மாடி என்பதால் உயரத்தையும் கூட்டிப் போட்டார்.

"தேதியையும் மாத்துங்க!" என்றாள் மனைவி.

"தேதியிலெல்லாம் நான் கை வைக்கமாட்டேன்."

அதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்ளே, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. நீங்களும் தங்கச்சியும் கலங்கரை விளக்கத்துக்கிட்ட நிக்கறீங்க, புள்ளி உங்க வீட்டு மேல விழுந்திருக்கு. தேதி பாத்தா நாங்க குடிபோன நாளு. அன்னிக்குத்தான் உங்களுக்குக் காய்ச்சலாச்சே! இடமும் தப்பு, தேதியும் தப்பு. பரவாயில்ல விடுங்க, மூவாயிரம் படத்துல ஒண்ணு ரெண்டு தப்பு வராதா?"

பார்த்தீர்களா அந்தப் பெரிய மனசை! தாமே வழக்குப் போட்டு, தாமே விடுதலையும் செய்துவிட்டார். இவர் 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எதிரே நின்ற மனைவி கைகூப்பினாள், தலையை ஆட்டினாள், 'ஆமான்னு சொல்லுங்க, ஆமான்னு சொல்லுங்க' என்று உதட்டை அசைத்தாள். இவர் வாயைத் திறந்தார். காது நுனி சிவந்திருந்தது.

"தப்பா? எனக்கா? மச்சான், அந்தத் தேதி நொடி சுத்தமா சரி! இடம் இவ அழுதாளேன்னு மாத்தினது. நிஜமான இடம் வேணும்னா ஆறு தசமத்தோட சொல்றேன், எழுதிக்கங்க!"

அந்தப் பக்கத்துக் குரல் தணிந்து வந்தது. "எழுதிக்கறதுக்கு ஒண்ணுமில்ல மாப்ளே. தங்கச்சி பக்கத்துல இருந்தா சொல்லுங்க, அவளுக்கு இனிமே ஒரு அண்ணன் இருக்கான்னு நெனைக்க வேண்டாம்னு."

மனைவி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். எனக்குத் தெரியும், தலைவலி என்று ஆபீசுக்கு லீவு சொன்ன நாளில் எடுத்த படம் ஒன்று உங்கள் போனிலும் இருக்கிறது. இதைப் படித்து முடித்ததும் போய்த் தேடப்போகிறீர்கள். தேடுங்கள், தாராளமாகப் புள்ளியை மாற்றுங்கள். ஆனால் மாற்றும்போது, தலைவலிக்காரன் சோபாவில் படுத்திருப்பானா, கட்டிலிலா என்று ஒரு நிமிஷம் யோசித்தீர்களோ, போச்சு.