பட்டியலில் இல்லாத பறவை

மருந்துக்கடைக்காரர் படத்தை அனுப்பி நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. பறவைச் சங்கத் தலைவரே போனில் வந்துவிட்டார்.

"பறக்க விட்டுடாதீங்க! எல்லாரும் வேன்ல கிளம்பிட்டோம்!"

மருந்துக்கடைக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. சங்கத்தில் சேர்ந்து பதினொரு மாதம் ஆகிறது. வருஷத்துக்கு ஒரு புதுப் பறவையாவது காட்டாதவர் பெயரை அடித்துவிடுவார்கள். இதுவரை அவர் காட்டியதெல்லாம் காக்காய்தான். இன்றைக்கென்று கடைக்குப் பின்னால் இருந்த மரத்தில், சாம்பல் உடம்பும் மஞ்சள் தலையும் கொண்டையுமாக ஒன்று தானே வந்து உட்கார்ந்திருந்தது.

மனைவி மருந்துச் சீட்டைக் கீழே வைத்துவிட்டுப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"என்னங்க, கால்ல வளையம் இருக்கு. யார் வீட்டுக் கூண்டுலேர்ந்தோ தப்பிச்சு வந்திருக்கு."

தலைவரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் போனை எடுப்பதற்குள் வாசலில் வேன் வந்து நின்றது. பன்னிரண்டு பேர், பன்னிரண்டு பைனாகுலர், எல்லாம் பின்பக்க மரத்தடிக்கு ஓடின.

"கால்ல என்னமோ மின்னுதே?" என்றார் தலைவர்.

"ஆராய்ச்சிக்காரங்க மாட்டின வளையமா இருக்கும் சார்," என்று வாய்க்கு வந்ததைச் சொன்னார் மருந்துக்கடைக்காரர்.

"அப்போ வெளிநாட்டுப் பறவை! எந்தப் பக்கமிருந்து வந்துச்சு?"

"வடக்கேருந்து சார். கடல் தாண்டி."

"கடல் தெற்கால இருக்கு," என்றாள் மனைவி மெதுவாக.

"சுத்திக்கிட்டு வந்திருக்கும்!"

பறவை விருட்டென்று இறங்கித் தலைவரின் தோளில் உட்கார்ந்தது.

"மனுஷங்களைக் கண்டு பயப்படலையே?"

"ஆளே இல்லாத தீவுல பொறந்திருக்கும் சார். மனுஷனைப் பார்க்கிறதே இதான் முதல் தடவை."

பறவை கொண்டையை விரித்துக்கொண்டு தலைவரின் காதருகே சாய்ந்தது. தெளிவாகக் கேட்டது:

"சாப்பிட்டியா செல்லம்?"

பூமி பிளந்து தன்னை விழுங்கிவிடாதா என்றிருந்தது மருந்துக்கடைக்காரருக்கு.

தலைவர் நோட்டைத் திறந்தார். 'குரல் இனிமையானது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார். மற்ற பதினொரு பேரும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும் 'மிக' என்று சேர்த்தார்.

வேர்த்துக் கொட்டி நின்றவரிடம் வேன் டிரைவர் வந்து தோளைத் தட்டினார்.

"எதுக்கு சார் பயப்படுறீங்க? இவங்க பட்டியல்ல இருக்கிற முப்பது பறவையில பதினேழு நல்லாப் பேசும்."