பிளக் ஒயர் தேர்ந்த காதை

வாழ்க மூக்குக்கண்ணாடிக் கடையைத் தம் நாடென ஆளும் காவலர்! மங்கிய விழியினர்க்கெல்லாம் மூக்குத்தண்டின் மேல் தெளிவை ஏற்றிவைக்கும் மூதறிவாளர்! வில்லைகளை மாற்றி மாற்றி மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா" என்று வினவி வினவியே தலைநரைத்த தகைமையாளர்! பச்சைவண்ணப் பழங்கார் ஒன்றைப் பட்டத்து யானையெனப் பேணிவரும் பெருந்தகை! அன்னார் தம் வண்டிக்குப் பிளக் ஒயர் வாங்கிய வரலாற்றை உரைக்கப் புகுகின்றோம். சொல் தடுமாறின் பொறுத்தருள்க. பொருள் தடுமாறின், தடுமாறியவர் காவலரேயன்றி யாம் அல்லேம்.

காருக்கும் கார்காலத்துக்கும் பெயரளவில் உறவேயன்றி மற்றபடி தீராப் பகை. வானம் கிழிந்து கொட்டிய ஒரு காலைப்பொழுதில், வங்கிப் பணிக்குச் செல்லும் தம் மனைவியாரைப் பக்கத்தில் அமர்த்திக் காவலர் வண்டி செலுத்துகையில், நாற்சந்தியின் நட்டநடுவே, ஆரன்கள் போர்முரசென நாற்புறமும் அதிர, அப்பச்சைக் களிறு இருமுறை கனைத்து, ஒருமுறை தும்மி, நின்றுவிட்டது. அம்மையார் சினக்கவில்லை. கைப்பையைத் தோளில் மாட்டினார், குடையை விரித்தார், இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினார். ஓங்கி அறைந்திருந்தாலும் காவலர் தாங்கியிருப்பார். சாத்துமுன் அம்மையார் மொழிந்த வஞ்சினமாவது:

"மழையில ஓடுற வண்டியா இதை ஆக்குங்க. அதுவரைக்கும் நான் பஸ்ல போய்க்கிறேன்."

அன்றுதொட்டு அப்பக்கத்து இருக்கை, அரசி துறந்த அரியணையென வெறிச்சோடிக் கிடந்தது. சிவப்பு விளக்கில் நிற்கும்தோறும், வங்கி மேலாளரின் அற்பத்தனங்களைச் சொல்லிச் சிரிக்க ஆளின்றி, காவலர் ஸ்டியரிங்கையே நோக்கியிருந்தார். பானட்டைத் திறந்து ஆராய்ந்ததில் பழி யாருடையது என்பது விளங்கிற்று. மின்சுருளாகிய காயிலிலிருந்து புறப்படும் மின்பொறியைப் பிளக்குகள்வரை ஏந்திச் செல்லும் தூதுவர்களாகிய ஒயர்கள் ஐந்தும் தோல்வெடித்து, ஈரம் பட்ட மாத்திரத்தே பொறியைப் பாதிவழியில் கசியவிடும் இரண்டகர்களாய் மாறியிருந்தன.

எனவே எழுந்தது படை. படையாவது, காவலரும், விடுமுறை நாளாகையால் வேறு வேலையின்றி உடன்வந்த அவர் மச்சினனும். உதிரிபாகக் கடை என்னும் களத்தில், பெல்ட்டுகள் தோரணமெனத் தொங்க, நட்டுகளும் போல்ட்டுகளும் நவமணிக் குவியலென மின்ன, நடுவே வீற்றிருந்த கடைக்காரர் இரு சேனைகளை மேசைமேல் அணிவகுத்தார்.

வலப்புறம் கறுப்பு ஒயர். வண்டி பிறந்தநாளில் பூண்டிருந்த அதே நிறம். பழங்கார் சங்கத்துப் பெரியோர், அதாவது பிறர் பானட்டைத் திறந்து குறைகாண்பதற்கென்றே ஞாயிறுதோறும் கூடுவோர், குற்றம் சொல்லமாட்டார். உள்ளே கார்பன் நரம்பு ஓடுதலால் ரேடியோவும் கரகரக்காது. ஆயின் நெடுமழைக்கு நிற்குமா என்று கேட்டதற்குக் கடைக்காரர் கூரையைப் பார்த்தார். இடப்புறம் சிவப்பு ஒயர். உடல் சிலிக்கான், உள்ளே செப்புக்கம்பி. மழையை மதியாது, வெப்பத்துக்கு வாடாது. பொறியோ இடியென இறங்கும். ஆயின் ரேடியோவில் புயலடிக்கும். நிறமோ, பொம்மைக் கடையில் வாங்கியது போலிருக்கிறதென்று சங்கத்தார் நகைக்கத் தக்கது.

காவலர் கறுப்பை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார், வைத்தார். சிவப்பை வளைத்தார், முகர்ந்தார், வைத்தார். மீண்டும் கறுப்பு. இரு கடல்களுக்கிடையே அகப்பட்ட தோணியென அவர் கை அங்குமிங்கும் அலைய, பிரேக் ஷூ வாங்க வந்தவர் வாங்கிப் போனார். பக்கவாட்டுக் கண்ணாடி வாங்க வந்தவர் வாங்கிப் போனார். முழு ரேடியேட்டரே வாங்கித் தோளில் சுமந்து போனார் ஒருவர். "எது சார், இதா அதா?" என்று கடைக்காரர் கேட்டார். வாழ்நாளெல்லாம் பிறரைக் கேட்ட கேள்வி தம்மேல் கணையெனப் பாயக் கண்ட காவலர், தம் கடைக்கு வருவோர் எல்லோரும் சொல்லும் அதே விடையைப் பகர்ந்தார்: "இன்னொரு தடவை காட்டுங்க."

மச்சினனின் பொறுமைக் கோட்டை இடிந்தது. "மாமா, பானட்டைத் திறந்து வெச்சுக்கிட்டா ஓட்டப் போறீங்க? உள்ள என்ன கலரா இருந்தா என்ன?"

நிறத்தின் வழக்கு அத்துடன் தீர்ந்தது. எஞ்சியது ரேடியோவின் வழக்கு. அதில் தீர்ப்பளிக்கும் உரிமை தமக்கில்லை என்று உணர்ந்த காவலர், அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து, காலைப்பாட்டுக் கேட்கையில் சற்றுக் கரகரத்தால் ஆட்சேபம் உண்டா என்று பணிவுடன் வினவினார். மறுமுனையிலிருந்து வந்த தீர்ப்பாவது:

"வண்டி நின்ன அன்னிக்கு ரேடியோ நல்லாத்தான் பாடிச்சு."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. காவலரின் மனத்திரை விலகியது. சிவப்பே வென்றது.

மறுநாட் காலை, வரிசை மாறாதிருக்கப் பழையதில் ஒன்றைக் கழற்றியதும் புதியதில் ஒன்றை மாட்டி, ஐந்தையும் பூட்டி முடித்த காவலர் அண்ணாந்து நோக்கினார். வானம் துடைத்து வைத்த தட்டுப்போலிருந்தது. மழை மறுத்தாலென்ன? எஞ்சினை முழங்கவிட்டு, பூச்செடிக்கு நீர்வார்க்கும் பூவாளியை ஏந்தி, அதன் வாயினின்று ஒரு தனிமழையைப் புத்தொயர்களின்மேல் பொழிந்தார். நீராவி எழுந்தது. எஞ்சின் தயங்கவில்லை. கைப்பையும் தோளுமாய் வாசற்படியில் நின்று இத்தனையும் பார்த்திருந்த அம்மையார் ஆணையிட்டார்: "இன்னொரு வாளி ஊத்துங்க."

ஊற்றினார். களிறு பிளிறிக்கொண்டே நின்றது.

அப்பொழுது, நெடுநாள் ஒளிமறைந்த திங்கள் முகில்கிழித்து வெளிப்பட்டாற் போலவும், பிரிந்த பேரரசு மீண்டும் ஒருகுடைக்கீழ்ச் சேர்ந்தாற் போலவும், அம்மையார் படியிறங்கி, ஈரம் மிதியாது நடந்து, கதவு திறந்து, அவ்வெற்றரியணையில் ஏறி அமர்ந்தருளினார். நனைந்த சட்டையோடு காவலர் ஸ்டியரிங்கைப் பற்றி, வாழ்த்தோ வசையோ அவர் திருவாய் மலரப்போகும் முதன்மொழிக்காகக் காத்திருந்தார்.

வீட்டில் கேஸ் தீர்ந்துவிட்டது, போகிற வழியில் சிலிண்டருக்குச் சொல்லிவிட வேண்டும் என்றார்.