நீலக்கல்லர் கேட்ட கதை

டென்மார்க்கின் ஒடென்சே நகரில் நகை செய்விக்கப் போய் அழுதுவிட்டு வந்தவர்கள் எல்லோரும் நீலக்கல்லரிடம் போனவர்கள்தான்.

வெள்ளியில் நீலக்கல் பதித்துக் காப்பும் மோதிரமும் செய்பவர் என்பதால் இங்குள்ள ஈழத்தமிழர்களான நம்மவர்கள் வைத்த பெயர் அது. மனிதர் அமெரிக்காவின் நவாஹோ பழங்குடிக்காரர். காப்பு வாங்க வந்த டேனிஷ் பெண்ணுக்கு அதன் கதையைச் சொல்லத் தொடங்கி, கதை முடிவதற்குள் அவளோடு டென்மார்க் வந்து சேர்ந்தவர். "இந்தியன் நகைக்காரராம்" என்று கேள்விப்பட்டு ஓடிப்போன எங்கள் மாடிவீட்டு அண்ணை, "திருச்சியோ, மதுரையோ?" என்று விசாரித்தார்.

"அரிசோனா."

"அது கோயம்புத்தூருக்குக் கிட்டவோ?"

நீலக்கல்லர் தன் இனத்து நரிக்கதைகளைப் பனிக்காலத்தில் மட்டும்தான் சொல்வார்; அது அவர்கள் வழக்கம். ஜூலையில் கேட்டால், "நரி லீவில நிக்குது" என்பார். ஜூலை லீவை உயிராக மதிக்கும் டேனிஷ்காரர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். ஆனால் நகைக்கு உரியவரின் கதையைக் கேட்காமல் எந்தக் காலத்திலும் வேலையில் கை வைக்கமாட்டார்.

ஒரு கோடைக்காலக் காலையில் தெரிந்தவர் வீட்டுக் கல்யாணத்துக்குப் புறப்படும்போது என் மனைவியின் தாலிக்கொடிக் கொளுக்கி உடைந்தது. அவரிடம் ஓடினோம்.

"கதையைச் சொல்லுங்கோ" என்றார். பேச்செல்லாம் டேனிஷில், என் நினைவில் இருப்பது தமிழில்.

"கதை ஒண்டுமில்லை, உடைஞ்சுபோச்சு" என்றேன்.

அவர் என் மனைவியைப் பார்த்தார். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கல்யாணம் பேசேக்க இவர் அனுப்பின படத்தில தலை நிறைய மயிர். கொப்பன்ஹேகனில வந்திறங்கிக் கண்ணாடிக்குள்ளால பார்த்தால், பூவோட வேற ஆரோ நிக்கினம். பயத்தில கக்கூசுக்குள்ள போய் ஒரு மணித்தியாலம் அழுதனான்."

பெட்டி வரப் பிந்தியதால்தான் அவள் தாமதித்தாள் என்று இருபத்திரண்டு வருடங்களாக நம்பியிருந்தவன் நான். "பிறகு ஏன் வெளியில வந்தனீர்?"

"எட்டிப் பார்த்தன். நீங்கள் போகேல்லை. பூவைக் கை மாத்தி மாத்திப் பிடிச்சுக்கொண்டு நிண்டியள்."

நீலக்கல்லர் தலையாட்டிவிட்டு நெருப்பைப் பற்றவைத்தார். கொளுக்கி ஒட்டியதும் மனைவி கேட்டாள்: "உங்கடை கதை என்ன?"

அவர் நெருப்பை அணைத்தார். தன் டேனிஷ் மனைவி இறந்தபிறகு யாரும் அவரிடம் அதைக் கேட்டதில்லையாம். சிறுவயதில் வெள்ளையர் நடத்திய விடுதிப் பள்ளியில் தாய்மொழி பேசினால் அடி. சாப்பாட்டு மேசைக்குக் கீழே தம்பியின் உள்ளங்கையில் விரலால் வரைந்துதான் கதை சொன்னாராம்.

"இப்ப அந்தப் பாசையில கதைக்க இஞ்ச ஒருத்தருமில்லை."

"எங்களுக்கு விளங்காட்டிப் பரவாயில்லை, சொல்லுங்கோ" என்றாள்.

சொன்னார். ஒரு சொல்லும் புரியவில்லை. தாலி கட்டி முடிந்து, பந்தியும் பாதி முடிந்தபிறகுதான் கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்தோம்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அவருக்கு எங்கள் வீட்டில்தான் மத்தியானச் சாப்பாடு. அவர் வந்து உட்காரும்வரை என் மனைவி எனக்குச் சோறு போடுவதில்லை, நானும் கேட்பதில்லை.