விழுந்தால் கத்தும் பெட்டி

“மாமா, கடைசியா ஒரே ஒரு தடவை விழுந்துடுங்க. இதோட முடிச்சுக்கலாம்.”

“எந்தத் திசையில மாப்பிள்ளை?”

மாமனார் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். திசை தெரியாமல் ஓர் அடி எடுத்து வைக்கமாட்டார். அப்படிப்பட்டவர் விழுவதை மட்டும் எப்படிப் போகிற போக்கில் செய்வார்? மருமகன் கணினித் திரையைப் பார்த்துவிட்டு, வடக்கே விழுந்த படங்கள் போதுமான அளவு இருக்கின்றன, தென்மேற்கில்தான் குறைச்சல் என்றான். மாமனார் ஜன்னலைப் பார்த்துத் தென்மேற்கை நிதானம் செய்துகொண்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மாமியாரிடம் கொடுத்தார். பிறகு, கூடத்தின் நடுவில் விரித்திருந்த மெத்தையின்மேல், மழையில் ஊறிய மதிற்சுவர் சாய்வதுபோல நிதானமாகச் சாய்ந்தார்.

“கையை நெஞ்சுல வச்சுக்கணுமா?”

“வேணாம் மாமா. இயல்பா இருங்க.”

“இயல்பா விழுந்து எனக்குப் பழக்கம் இல்லையே மாப்பிள்ளை.”

மாமனார் காலில் விழுந்த மாப்பிள்ளைகளை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. மாமனாரையே விழ வைத்துப் படம்பிடித்த மாப்பிள்ளை இவன் ஒருவனாகத்தான் இருப்பான். அவனைச் சொல்லியும் குற்றமில்லை. வேலை பார்த்த இடத்தில் நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு, தலையில் வழுக்கை எட்டிப்பார்க்கிற வயதில் கணினிப் பொறியியலில் முதுநிலைப் பட்டம் படிக்கப் போனவன் அவன். இந்தப் பருவம் முடிவதற்குள் பட்டத்தோடு வந்தால் மேலே ஒரு நாற்காலி காத்திருக்கிறது. வராவிட்டால் இருக்கிற நாற்காலியிலும் வேறொருவர் உட்கார்ந்துவிடுவார் என்று மேலாளர் சிரித்துக்கொண்டே சொல்லியனுப்பியிருந்தார். அதுவரை குடும்பம் ஓடுவது வங்கியில் வேலை பார்க்கும் மனைவியின் சம்பளத்தில். குடியிருப்பது மாமனார் வீட்டில். பாக்கி இருப்பது ஒரே ஒரு செயல்திட்டம்.

அந்தச் செயல்திட்டம்தான் பெட்டி. ஒரு கேமராவும் சின்னக் கணினியும் சேர்ந்த சமாச்சாரம். கூடத்து அலமாரியின்மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருக்கும். வீட்டில் வயதானவர் யாராவது விழுந்துவிட்டால், பின்னால் வருகிற லாரியைப்போலக் கத்தும். சொந்தக்காரர்களின் போனுக்கும் தகவல் அனுப்பும். விழுகிற படங்களையும் விழாத படங்களையும் ஏராளமாகக் காட்டினால் வித்தியாசத்தை அதுவாகவே கற்றுக்கொள்ளும். விழாத படங்களுக்குப் பஞ்சமில்லை. விழுகிற படங்களுக்குத்தான் மாமனார்.

வயசான மனுஷனை வெறுந்தரையில் உருட்டச் சம்மதிக்கமாட்டேன் என்று மாமியார் முதல் நாளே சொல்லிவிட்டார். அதனால் மெத்தை. மாமனார் விழுகிற நேரத்தில் அது விரிக்கப்படும். விழுந்து முடித்ததும் சுருட்டி உள்ளே போய்விடும். எல்லாம் முறைப்படி நடந்தது. பெட்டியும் பாடத்தைக் கற்றுக்கொண்டது. மாமனார் நிற்கிற படத்தைக் காட்டினால் சும்மா இருந்தது. மெத்தையில் விழுந்த படத்தைக் காட்டினால் கத்தியது. ஒரு தடவைகூடத் தவறவில்லை. அன்றைக்கு மருமகன் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டான்.

மறுநாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கல்லூரிக்குப் போனான். அங்கே அவனுக்கு மதிப்பெண் போடவேண்டியவர் ஒரு பேராசிரியர். மாணவர்கள் அவருக்கு வைத்திருந்த பெயர் கத்தரிக்கோல். முடி நரைத்து, நடை தளர்ந்து, ஓய்வுபெறும் வயதை நெருங்கியவர்தான். ஆனால் யாருடைய ஆய்வேட்டையும் பாதியாக்காமல் திருப்பித் தந்ததில்லை.

ஆய்வுக்கூடத்தில் பெட்டியைப் பொருத்திவிட்டு, பேராசிரியர் முன்னால் மருமகனே விழுந்து காட்டினான். பெட்டி சும்மா இருந்தது. வெட்கத்தில் மெதுவாக விழுந்துவிட்டோமோ என்று மறுபடி பலமாக விழுந்தான். முழங்கால் சிராய்த்ததே தவிரச் சத்தம் வரவில்லை. கூடப் படிக்கிற இருவர் இரக்கப்பட்டு ஆளுக்கொரு பக்கம் விழுந்து பார்த்தார்கள். பெட்டி மூவரையும் அமைதியாகப் பார்த்துக்கொண்டிருந்தது.

“எங்க வீட்டுல நல்லா வேலை செய்யுது சார்” என்றான் மருமகன், தரையிலிருந்தபடியே.

“அப்படியா? சனிக்கிழமை நான் உங்க வீட்டுக்கே வர்றேன்” என்றார் கத்தரிக்கோல். “அங்கயும் கத்தலைன்னா அடுத்த வருஷம் பாப்போம்.”

அடுத்த வருஷம் என்றால் நாற்காலி போனது என்று அர்த்தம்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிட்டு, என்ன கோளாறு என்று தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அந்த நேரம் பார்த்து மாமியார், தூசி தட்டலாம் என்று மெத்தையைக் கொண்டுவந்து கூடத்தில் போட்டார். பெட்டி வீறிட்டது. யாரும் விழவில்லை. பக்கத்து வீட்டுக் கம்பவுண்டர் காயத்துக்குக் கட்டுகிற துணியோடு ஓடிவந்துவிட்டார். மாமனாரோ நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். மாமியார் மெத்தையை உள்ளே இழுத்தார், சத்தம் நின்றது. வெளியே இழுத்தார்; கத்தியது.

மருமகனுக்கு அப்போதுதான் உறைத்தது. விழுந்த படம் ஒவ்வொன்றிலும் மெத்தை இருந்தது. விழாத படம் ஒன்றிலும் இல்லை. பெட்டி சிரமமே படாமல் சுலபமான வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டுவிட்டது. மாமனாரை அது ஒரு தடவைகூட ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

வங்கியிலிருந்து வந்த மனைவி விஷயத்தைக் கேட்டுக்கொண்டே கைப்பையைக் கழற்றி மாட்டினாள்.

“ஆக, இத்தனை நாளா அப்பா விழுந்தது?”

“வீண்தான்.”

“அதை நீங்களே அவர்கிட்டச் சொல்லிடுங்க.”

சொல்லவில்லை. அதற்குப் பதிலாக, வெறுந்தரையில் தானே விழுந்து புதிதாகக் கற்றுக்கொடுப்பது என்று முடிவு செய்தான். முழங்கால் ஏற்கெனவே வீங்கியிருந்ததால் இடுப்புக்கு முன்னும் பின்னும் தலையணையைக் கட்டிக்கொண்டான். வெள்ளிக்கிழமை முழுக்க விழுந்தான். சாயங்காலம் பார்த்தால் பெட்டி தலையணையையும் கற்றுக்கொண்டிருந்தது. மாமியார் உறை மாற்றுவதற்காக இரண்டு தலையணைகளோடு கூடத்தைக் கடந்தார். கம்பவுண்டர் மறுபடி ஓடிவந்தார். இந்தத் தடவை அவர் துணி எடுத்துவரவில்லை. இது வாடிக்கையாக நடக்குமா, இல்லை இன்றோடு முடியுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார்.

திருத்தத் திருத்தக் கோணலானது. இனி கற்றுக்கொடுக்க நேரமில்லை. அப்போது, யாரும் சொல்லாமலே விஷயத்தைப் புரிந்துகொண்டிருந்த மாமனார், காகிதத்தில் கூடத்தை அளவு போட்டு வரைந்து ஒரு யோசனையோடு வந்தார். படுக்கையறை வாசல் பெட்டியின் கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே திரைக்குப் பின்னால் மெத்தையை நிறுத்தி வைக்கலாம். தான் இருமியதும் மாமியார் திரையை விலக்கவேண்டும், தான் விழவேண்டும், பெட்டி கத்தும். பேராசிரியர் தன்னைத்தான் பார்ப்பாரே தவிரத் திரையைப் பார்க்கமாட்டார்.

“தரையிலயா விழப்போறீங்க?” என்று கேட்டார் மாமியார்.

“சோபா ஓரமாச் சரிஞ்சு இறங்குறேன். அடிபடாது.”

“இது பித்தலாட்டம்” என்றாள் மனைவி.

“வேற வழி இருந்தாச் சொல்லும்மா” என்றார் மாமனார். மருமகன் தலையைக் குனிந்துகொண்டு திரையைச் சரிசெய்யப் போனான்.

சனிக்கிழமை காலை பேராசிரியர் வந்தார். காரை ஓட்டி வந்தது அவருடைய மனைவி. உள்ளே வரச்சொல்லி மாமியார் எவ்வளவோ வற்புறுத்தியும், தங்கையோடு போனில் பேசவேண்டியிருக்கிறது, இவர் முடித்துக்கொண்டு வரட்டும் என்று அந்த அம்மாள் காரிலேயே இருந்துவிட்டார். பேராசிரியர் வாசற்படியை யோசித்து யோசித்து ஏறி வந்து உட்கார்ந்தார். மாமனார் எதிரே சோபாவில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மாமியார் திரையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். பேராசிரியர் ஒரு வாய் குடித்தார். புரையேறி இருமினார்.

மாமியார் திரையை விலக்கினார்.

பெட்டி லாரியாகக் கத்தத் தொடங்கியது. மாமனாருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கடமை தவறாதவர். மருமகனைக் கைவிடக்கூடாது என்று, கண்ணாடியைக் கழற்றி ஜாக்கிரதையாக ஓரமாக வைத்துவிட்டு, சோபாவிலிருந்து சரிந்து இறங்கித் தரையில் படுத்துக்கொண்டார்.

பேராசிரியர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“முதல்ல மணி அடிக்குது. அப்புறம் இவர் விழுறார். இது என்ன கணக்கு?”

மருமகனுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. மாமனாரைக் கைகொடுத்துத் தூக்கி உட்கார வைத்தான். மெத்தை, தலையணை, திரை, இருமல் என்று ஒன்று விடாமல் கொட்டிவிட்டான். பெட்டி மனிதனைப் பார்ப்பதில்லை, மெத்தையைத்தான் பார்க்கிறது, தப்பு முழுக்கத் தன்னுடையது, மாமாவும் அத்தையும் தனக்காகச் செய்தார்கள் என்றான். மனைவி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்து அவள் அவனை அப்படிப் பார்த்ததில்லை. அவனுக்கோ, நாற்காலி போனால் போகட்டும் என்று நெஞ்சு லேசானது.

பேராசிரியர் திரையை மூடச்சொன்னார். சத்தம் நின்றது. பெட்டியைக் கிட்டத்தில் பார்க்கவேண்டும் என்று எழுந்து நடந்தார். தரையில் ஓடிய மின்கம்பியை அவர் கவனிக்கவில்லை. கால் மாட்டிக்கொண்டது. பெட்டிக்கு நேர் எதிரே, கைகால் பரப்பி, குப்புற விழுந்தார்.

அந்தக் கூடத்தில் நடந்த விழுதல்களிலேயே இயல்பான விழுதல் அதுதான்.

பெட்டி மூச்சுக்கூட விடவில்லை.

எல்லோரும் பதறித் தூக்க ஓடினார்கள். பேராசிரியர் கையைக் காட்டி நிறுத்தினார். அடி எதுவும் இல்லை. தரையில் எழுந்து உட்கார்ந்து, அலமாரியின் மேலிருந்த பெட்டியையே பார்த்தார்.

“சத்தமே வரலையே.”

“இல்ல சார்” என்றான் மருமகன், பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்ற குரலில்.

“போன்ல யாருக்காவது தகவல் போயிருக்குமா?”

“எதுவுமே போகலை சார்.”

“கொஞ்சம் இருங்க” என்று சொல்லிவிட்டு, பேராசிரியர் தானாகவே இடப்பக்கம் ஒருமுறை மெல்லச் சாய்ந்து படுத்துப் பார்த்தார். பெட்டி வாய் திறக்கவில்லை. வலப்பக்கமும் படுத்துப் பார்த்தார். பிறகு எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, மருமகனின் தோளில் கை வைத்தார்.

“தம்பி, வேலை செய்யாததை வேலை செய்யுதுன்னு சொல்றவங்கதான் அதிகம். நீங்க தப்பை ஒத்துக்கிட்டீங்க. ஏன் தப்பாச்சுன்னும் கண்டுபிடிச்சிருக்கீங்க. ஆராய்ச்சின்னா அதுதான். இதையே ஓர் அத்தியாயமா எழுதிச் சேர்த்துடுங்க. இந்தப் பருவமே பட்டம் உண்டு.”

மாமியார் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமனார் எழுந்து நின்று கைகூப்பினார். மருமகனுக்குக் கால் நிலத்தில் பாவவில்லை. இந்த மனிதருக்கா கத்தரிக்கோல் என்று பெயர் வைத்தோம் என்று வெட்கமாக இருந்தது.

“ஒரே ஒரு வேண்டுகோள்” என்றார் பேராசிரியர். “இந்தப் பெட்டியை நான் எடுத்துட்டுப் போகலாமா? எங்க வீட்டுக் கூடத்துல வைக்கணும்.”

“சரி பண்ணிக் கொண்டுவந்து நானே மாட்டிடறேன் சார்.”

“ஒண்ணும் சரி பண்ணவேணாம்.” குரலில் கொஞ்சம் அவசரம் தெரிந்தது. “உங்க முதல் முயற்சி. இப்படியே இருக்கட்டும்.”

ஒரு மாணவனின் தோல்வியைக்கூட இப்படித் தலையில் தூக்கி வைத்துக்கொள்கிற ஆசிரியர் யாருக்குக் கிடைப்பார்? “பெரிய மனுஷன் மாப்பிள்ளை” என்று மாமனார் காதோடு சொன்னார். மெத்தை, தலையணை இல்லாத இடமாகப் பார்த்து வைக்கவேண்டும் என்று மருமகன் எச்சரித்தான். எங்கள் கூடத்தில் நாற்காலியைத் தவிர ஒன்றும் கிடையாது என்று பேராசிரியர் திருப்தியோடு சொன்னார்.

மருமகன் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கிக் கார்வரை கொண்டுவந்து விட்டான். பேராசிரியர் ஏறி உட்கார்ந்து, பெட்டியைத் தூங்குகிற குழந்தையைப்போல மடியில் வைத்துக்கொண்டார். ஓட்டும் இருக்கையிலிருந்த அந்த அம்மாள் போனை வைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கி, மனம் நிறைந்து சொன்னார்:

“நல்லவேளை தம்பி, இவருக்கு உங்க மெஷினாவது பிடிச்சுது. இதுக்கு முன்னால நான் வாங்கி மாட்டினதையெல்லாம், விழும்போதெல்லாம் கத்திக் காட்டிக்கொடுக்குதுன்னு கழட்டிப் போட்டுட்டார்.”