நாற்பத்திரண்டு வண்டுகளுக்குக் குங்குமம்

என் வாழ்க்கையில் ஒரே ஒரு ஆயுத பூஜைக்குத்தான் நான் குங்குமம் வைத்திருக்கிறேன். அதையும் நாற்பத்திரண்டு செத்த வண்டுகளுக்கு வைத்தேன். சாந்தோமில் ஞானஸ்நானம் பெற்ற ஒருவனுக்கு இது எப்படி வாய்த்தது என்று கேட்பவர்களுக்கு என் பதில் இதுதான்: அப்போது எனக்கு இருபத்துநான்கு வயது, மேலதிகாரி சொன்னதை அப்படியே செய்பவன்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. குண்டுக்குப் பயந்து நகரம் பாதி காலியானபோது, ஒரு சிறிய அருங்காட்சியகத்தின் பூச்சிப் பெட்டிகளை அடையாற்றில் ஒரு பங்களாவுக்கு மாற்றியிருந்தார்கள். யுத்தம் முடிந்தது, பெட்டிகள் திரும்பிப் போகவில்லை. அங்கே நான் தற்காலிக உதவியாளன். அதற்கு முன் பத்திரிகை ஒன்றில் இரண்டு வருஷம் புரூஃப் பார்த்தவன். (அங்கிருந்து ஏன் வெளியேறினேன் என்பது வேறு ஒரு அவமானம்.)

வேலை நிரந்தரமானால்தான் கல்யாணம் என்று பிலோமினாவின் அப்பா சொல்லியிருந்தார். பள்ளிக்கூட வாத்தியார். ‘தற்காலிகம்’ என்று அவர் சொன்னால் ஏதோ தொற்றுநோயின் பெயர் போலக் கேட்கும். என்னை நிரந்தரமாக்கும் சிபாரிசுக் கடிதத்தை எழுத வேண்டியவர் எங்கள் கண்காணிப்பாளர் சேஷாத்ரி.

பூஜையன்று காலை அவர் மயிலாப்பூரில் தம் வீட்டுப் பூஜைக்குக் கிளம்பும் அவசரத்தில் இருந்தார்.

“சவரிமுத்து, நாளன்னிக்குக் கல்கத்தாலேர்ந்து நிபுணர் வரார். நம்ம பச்சை வண்டைப் பாக்கத்தான் வரார். அதுக்குள்ள எல்லாத்தையும் தொடச்சு வை. இன்னிக்குப் பூஜையைக் கன்னியப்பன் பாத்துப்பான். உனக்குக் கை நடுங்காது, குங்குமம் நீ வெச்சுடு. ஒண்ணு விடாம வைக்கணும்.”

ஒன்று விடவில்லை. பீரோ, நாற்காலி, பூதக்கண்ணாடி, வலை எல்லாம் முடிந்தபின் பச்சை வண்டுப் பெட்டியைத் திறந்தேன். ஒவ்வொரு வண்டும் ஊசியில் குத்தியிருக்கும். அதே ஊசியில், வண்டுக்குக் கீழே, ஒரு சின்னச் சீட்டு இருக்கும். மூடிக்கு மட்டும் குங்குமம் வைத்தால், கிறிஸ்தவன் மனசில்லாமல் வைத்தான் என்று யாராவது நினைத்துவிட்டால்? குழைத்த குங்குமத்தில் தீக்குச்சியைத் தோய்த்து, ஒவ்வொரு சீட்டின் ஓரத்திலும் ஒரு பொட்டு வைத்தேன். ஒன்றில் முன்பே இருந்த சிவப்பைப் போன வருஷப் பொட்டு என்று நினைத்து, அதன் மேலேயே வைத்தேன். எல்லாம் ஒரே அளவு. இன்றும் சொல்வேன், வேலை சுத்தம்.

அலுவலகக் கடைநிலை ஊழியர் கன்னியப்பன், மந்தைவெளிக்காரர், சுண்டல் தின்றுகொண்டே எட்டிப் பார்த்தார்.

“ஏன் நைனா, முன்னெல்லாம் ஒரே ஒரு வண்டுக்குத்தானே செவப்பு இருந்துச்சு? இப்ப எல்லாத்துக்கும் கீது?”

பதிவேட்டைப் புரட்டினேன். ‘சிவப்புப் புள்ளியுள்ளது டைப்’ என்று இருந்தது.

டைப் என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பூச்சி இனத்துக்கு முதன்முதலில் பெயர் வைத்தபோது எந்த ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு விவரம் எழுதினார்களோ, அந்த ஒன்றுதான் டைப். உலகத்தில் வேறு எந்த வண்டு இந்த இனமா என்று சந்தேகம் வந்தாலும் அதோடுதான் ஒப்பிட வேண்டும். மற்ற நாற்பத்தொன்றும் வெறும் சொந்தக்காரர்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வண்டுகளை வெளியே எடுத்து, ஈரப் பஞ்சால் குங்குமத்தைத் துடைத்தேன். பழைய சிவப்பு மையும் சேர்ந்து கரைந்தது. நாற்பத்திரண்டு சீட்டுகளும் ஒரே ரோஜா நிறம். எது எந்த வரிசையில் இருந்தது என்பதும் போயிற்று.

“பேஜாருதான்” என்றார் கன்னியப்பன். அதற்குமேல் அவரிடம் சுண்டல்தான் இருந்தது.

மறுநாள் விஜயதசமி விடுமுறை. இருவரும் வந்து பங்களாவைத் திறந்தோம். வண்டுக்குப் பெயர் வைத்த வெள்ளைக்காரர், தம் கையில் இருந்ததன் ஊனங்கள் உட்பட, எழுதிய மூல விவரம் அலமாரியில் ஒரு பழைய சஞ்சிகையில் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்த ஒரே தொழில் ஞாபகம் வந்தது. புரூஃப் பார்க்கையில் ஒருவர் மூலத்தை உரக்கப் படிப்பார். மற்றவர் அச்சைப் பார்ப்பார். நான் படித்துத் தமிழில் சொன்னேன். கன்னியப்பன் பூதக்கண்ணாடியோடு குந்தினார்.

“இடது பின்னங்கால், முட்டிக்குக் கீழே இல்லை.”

“இதுக்குக் கீது. இதுக்கும் கீது. இது நொண்டி. இன்னா நைனா, முழுசா இருக்கிறத வுட்டுட்டு நொண்டியத் தேடிக்கினு கீறே?”

“எழுதியிருக்கிறதத்தான் தேடணும். அடுத்தது?”

அந்தக் கால் இல்லாதவை ஏழு கிடைத்தன. வருஷக்கணக்கில் பெட்டியில் இருந்தால் வண்டுக்குக் கால் உதிரும்.

“வலது மீசை பாதி ஒடிந்தது.”

ஏழு மூன்றாயிற்று.

“வலது இறக்கை மூடியில், பின் ஓரத்தில், கடுகளவு பள்ளம்.”

கன்னியப்பன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தார். “தோ! மாட்டிக்கினாண்டா!”

மூன்று தடவை மூலத்தோடு சரிபார்த்தேன். கூட்டத்திலேயே பரிதாபமான வண்டு அதுதான்.

அடுத்த நாள் கல்கத்தா நிபுணர் வந்தார். மெலிந்த மனிதர், சிரிப்பை ஊரில் வைத்துவிட்டு வந்தவர். சேஷாத்ரி பெட்டியைத் திறந்தார்.

“என்னய்யா இது, எல்லாம் ரோஸா இருக்கு? புள்ளி எங்கே?”

சொன்னேன், தீக்குச்சி உட்பட. அவர் முகம் குங்குமத்தின் நிறத்துக்கு வந்தது.

“போகட்டும். எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமா வர்றவாளுக்கெல்லாம் காட்டிண்டிருக்கேன். ஆறு காலும் ரெண்டு மீசையும் முழுசா இருக்கறது இது ஒண்ணுதான்” என்று மாப்பிள்ளை போல மினுங்கிய ஒரு வண்டை எடுத்து நீட்டினார்.

சும்மா இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். ஆனால் பிழை கண்ணில் பட்டபின் பக்கத்தை அச்சுக்கு அனுப்ப என்னால் முடியாது.

“சார், அது இல்லை. இது” என்று நொண்டி வண்டை வைத்தேன்.

“யாரு இது? பிச்சைக்காரன் மாதிரி?”

நிபுணர் சஞ்சிகையை வாங்கினார். கால், மீசை, பள்ளம். பிறகு அளவுகோல் வைத்து நீளம் பார்த்தார். நான் பிலோமினாவின் அப்பாவை நினைத்துக்கொண்டேன். கன்னியப்பன் கதவோரம் முருகனைக் கூப்பிடுவது கேட்டது. கடைசியில் நிபுணர் நிமிர்ந்து, இங்கிலீஷில் சொன்னார்: “இதுதான் டைப். அந்த இன்னொரு வண்டு அழகாக இருந்ததற்காக எவரோ அதற்குப் புள்ளி வைத்திருக்கிறார். இத்தனை காலமும் தவறான வண்டுதான் டைப்பாக உட்கார்ந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்த முறை என்ன?”

“புரூஃப் பார்த்தோம், சார்.”

கன்னியப்பன் உள்ளே வந்துவிட்டார். “நான்தான் சார் பள்ளத்தப் பாத்தேன்!”

அந்த மனிதர் சிரித்தார். இருவருக்கும் கை கொடுத்தார்.

சேஷாத்ரி அன்றைக்கு இரண்டு தாள்கள் எழுதினார். ஒன்று, ஒப்பிட்டுப் பார்ப்பதில் இந்த இளைஞனுக்கு இணையில்லை என்ற சிபாரிசுக் கடிதம். மற்றது, இனிமேல் ஆயுத பூஜைக்கு வாசல் கதவுக்கு மட்டுமே குங்குமம் என்ற உத்தரவு. தை மாதம் சாந்தோமில் எங்கள் கல்யாணம். கன்னியப்பன் முதல் வரிசையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த மாமனாரிடம் பள்ளத்தைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார்.

பிறகு நான் பத்திரிகைக்கே திரும்பிவிட்டேன். கதை வீட்டில் தங்கிவிட்டது. என் எழுபதாவது பிறந்த நாளன்று பேரப்பிள்ளைகள் சூழ்ந்திருக்க, பிலோமினா மருமகளின் சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை எடுத்து வந்தாள். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“பல்லு மூணு இல்ல. இடது காது மந்தம். வலது முட்டி மடங்காது” என்று சொல்லி, பொட்டை என் சட்டைப் பையில் ஒட்டினாள். “எல்லாம் சரியா இருக்கு. ஒரிஜினல்தான்.”